"பின்னாடி எத்தனை கதவு வேணும்னாலும் சேர்த்துக்கலாம்" என்றால், கன்ட்ரோலர் எங்கே என்று கேளுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வணிக வளாகத்துக்கு 6 கதவு ஆக்சஸ் கன்ட்ரோல் (கார்டைக் காட்டினால் கதவு திறக்கும் அமைப்பு) கேட்டோம். மேலே இரண்டு மாடி வரப்போகிறது, 10 கதவு வரை சேர்க்க வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லியாயிற்று. கொட்டேஷனில் "விரிவாக்க வசதி உண்டு" என்று ஒரு வரி இருந்தது. கடைசியில் வேலை எடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போனது கதவுக்கு ஒன்றாக 6 தனி மெஷின். பல கதவுகளுக்கும் பொதுவாக முடிவெடுக்கும் கன்ட்ரோலர் என்ற பொருளே கிடையாது. இப்போது போனையும் எடுப்பதில்லை.

இதில் பெரிய ஆபத்து ரிலே (லாக்குக்குப் போகும் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கும் இடம். கார்டைப் படிப்பது, திறக்கலாமா என்று முடிவெடுப்பது, லாக்கை விடுவிப்பது எல்லாமே கதவுக்கு வெளியே தொங்கும் அந்த ஒரே டப்பாவுக்குள் நடக்கிறது. அடியில் இருக்கும் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் டப்பா கையோடு வருகிறது. பின்னால் எக்ஸிட் பட்டனுக்குப் போகும் ஒயரையும் கிரவுண்டையும் ஒரு நொடி தொடவைத்தால் 'டக்'கென்று கதவு விட்டுவிடுகிறது. வெளியே கார்டைப் படிக்கும் ரீடர் மட்டும்தான் இருக்க வேண்டும். ரிலே உள்ள கன்ட்ரோலர் பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும். 4 கதவு கன்ட்ரோலர் இரண்டு வாங்கியிருந்தால் இப்போதே 8 கதவுக்கு இடம். மூன்றாவதைப் பின்னால் அதே நெட்வொர்க்கில் சேர்த்திருக்கலாம். வேலையை விட்டுப்போன ஒருவரின் கார்டை நீக்க 6 மெஷினுக்கும் நடக்கவும் வேண்டியிருக்காது.

கார்டிலும் ஏமாற்று. கொடுத்தது 125 கிலோஹெர்ட்ஸ் சாதாரணக் கார்டு. அதில் குறியாக்கமே இல்லை, சாவிக்கடையில் சில நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். குறியாக்கம் உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் டெஸ்ஃபயர் கார்டு என்று எழுதி வாங்குங்கள். அதோடு நிற்காதீர்கள்: ரீடர் அந்தக் கார்டின் சீரியல் நம்பரை மட்டும் படித்துத் திறந்தால், நல்ல கார்டு வாங்கியும் பயனில்லை. குறியாக்கப்பட்ட பகுதியைப் படிக்கிறதா என்று கேளுங்கள். ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வீகேண்ட் என்ற பழைய ஒயரிங் முறையில் குறியாக்கம் இல்லை, தூரமும் சுமார் 150 மீட்டரோடு சரி. ஓ.எஸ்.டி.பி. என்ற புதிய முறை என்றால் ஆர்.எஸ்.485 வகைக் கேபிளில் 1,200 மீட்டர் வரை போகும். அதிலுள்ள செக்யூர் சேனல் வசதியை ஆன் செய்தால் 128 பிட் குறியாக்கமும் உண்டு.

அடுத்தது கேபிள். மின்காந்தத்தால் கதவைப் பிடிக்கும், 600 பவுண்டு இழுவை தாங்கும் மேக்னட்டிக் லாக் 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். அதற்கு நெட்வொர்க் கேபிளின் ஒரே ஒரு ஜோடியை 40 மீட்டர் இழுத்திருந்தார்கள், அதுவும் செம்பு பூசிய அலுமினியம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். லாக்கில் மீட்டர் வைத்தால் 9 வோல்ட்தான். தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கதவு பிரிகிறது. அதே தூரத்துக்கு 1 சதுர மி.மீ. அசல் செம்பு ஒயர் போட்டால் 11 வோல்ட்டுக்குக் குறையாது. ஒவ்வொரு லாக்கின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் துண்டாகும்போது லாக்கின் கம்பிச்சுருளில் எழும் மின் உதை, ரிலே முனைகளைத் தின்றுவிடும்.

பவர் கட்டானால் மேக்னட் பிடியை விட்டுவிடும். 6 லாக்கும் ரீடர்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 4 ஆம்பியர். இதற்கு 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றுதான் வைத்தார்கள், ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. 4 மணி நேரத்துக்கு 26 ஏ.எச். பேட்டரியும், அதைச் சார்ஜ் செய்யத் திராணியுள்ள 10 ஆம்பியர் பவர் சப்ளையும் கேளுங்கள்.

தீ விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஃபயர் பேனலின் ரிலே, லாக்குக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்துக் கதவை விடுவிக்க வேண்டும். சாஃப்ட்வேர் வழியாகச் செய்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கதவின் உள்பக்கமும் அழுத்தினால் கதவை விடுவிக்கும் பச்சைநிற அவசரப் பெட்டி வேண்டும்.

ஏற்காட்டில் போடுபவர்களுக்கு: பனியும் ஈரமும் அதிகம், வெளி ரீடர் ஐ.பி.65 தரம் (தூசியும் நீர்த்தாரையும் புகாதது), ஒயர் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் கேபிளின் இரு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் எழுச்சியைத் தடுப்பது), சரியான எர்த்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அட்மின் பாஸ்வேர்டையும் டேட்டாபேஸ் பேக்கப்பையும் கையில் வாங்கிவிடுங்கள். மெயின் கரண்டை அணைத்து 4 மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், ஃபயர் அலாரத்தை அடித்துப் பாருங்கள், ஒரு ரீடரைக் கழற்றிக் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் மிஞ்சியது 6 மேக்னட்டும் எக்ஸிட் பட்டன்களும்தான். கேபிள் முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாக இழுக்கிறோம்.