கப்பிக் குஞ்சைத் திருப்பி வாங்குவோம் என்கிறவனிடம் காசைக் கட்டாதீங்க. எனக்குப் போனது 48,500 ரூபா

கோபத்தோடதான் எழுதுறேன், வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்க. திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே கப்பி மீன் வளர்த்து மாதம் மாதம் உழைக்கலாம் என்று உங்களுக்கும் மெசேஜ் வந்திருந்தால், காசு கட்ட முதல் இதை வாசிங்க. குஞ்சு பெருகினால் எப்படிச் சமாளிக்கிறது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

அது அலங்கார மீன் விற்கிற ஒரு ஒன்லைன் பக்கம். பேரைப் போட்டால் நாளைக்கே வேறு பேரில் வந்து நிற்பான், அதனால் போடவில்லை. பதினைந்து ஜோடி 'நல்ல இன' கப்பி, எயர் பம்ப், ஸ்பொஞ்ச் வடிகட்டி, தீன், அதோடு என்னவோ பதிவுக் காசு, எல்லாம் சேர்த்து 48,500 ரூபா. குஞ்சு ஓர் அங்குலம் வளர்ந்ததும் ஒன்றுக்கு 60 ரூபா தந்து அவர்களே வீட்டுக்கு வந்து எடுப்பார்களாம், ஏற்றுமதிக்காம். இலங்கையில் இருந்து கப்பி வெளிநாட்டுக்குப் போகிறது உண்மைதான். அந்த உண்மையை முன்னால் காட்டித்தான் பொய்யை விற்கிறான்.

எந்த இடத்தில் நம்பினேன் என்று என் வீட்டுக்காரர் இப்பவும் கேட்கிறார். காசு கட்ட முதல் அவனோடு கதைத்த வீடியோ கோலில்தான். நான் சும்மா தலையாட்டவில்லை, கேட்டேன்: "தம்பி, இது கணக்கில்லாமல் குட்டி போடுற மீன். இனம் கலந்துபோனா நீங்க எடுக்கமாட்டீங்கதானே?" அவன் போனைத் திருப்பி இரண்டு கண்ணாடித் தொட்டியைக் காட்டினான். ஒன்றில் முழுக்க ஆண், வால் விசிறியாய் விரிந்து, அடிச்செட்டை குச்சி மாதிரிக் கூராக. மற்றதில் முழுக்கப் பெண். "அக்கா, குஞ்சிலயே பிரிச்சு வளர்த்தது. இந்தப் பெண்ணுகள் ஆணைக் கண்டதே இல்ல. உங்கட தொட்டியிலதான் முதல் ஜோடி சேரப்போகுது." இப்படிப் பதில் சொல்கிறவனுக்கு மீனைப் பற்றித் தெரியும், தெரிந்தவன் ஏமாற்றமாட்டான் என்று நினைத்தோம். அன்று பின்னேரமே இவர் அநுராதபுரச் சந்திக்குப் போய் காசைப் போட்டுவிட்டு வந்தார்.

பெட்டி இரவு பஸ்ஸில் வந்தது. ரெஜிஃபோமுக்குள் பொலித்தீன் பைகள், நாலு மீன் செத்து மிதந்தது, அதை விடுவோம். உயிரோடு இருந்த பெண் மீன்களைத் தொட்டியில் விட்டுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் வயிறு சதுரமாகப் புடைத்து, வயிற்றின் பின்பக்கம் சினைப் பொட்டு பெரிதாகத் தெரிகிறது. இரண்டு கிழமை ஆக முதலே குஞ்சு. கப்பி சினைப்பட்டுக் குட்டி போட மூன்று நாலு கிழமை வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்குக் கொஞ்சம் முந்தும், அதற்காக இவ்வளவா? ஆணைக் காணாத பெண்ணாம்!

விசயம் என்னவென்றால், கப்பிப் பெண் ஒரு தரம் சேர்ந்தால் ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேர்த்து வைத்திருந்து, திரும்பத் திரும்பக் குட்டி போடும். அவன் தந்த ஆண் மீன் என் தொட்டியில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், முதல் குஞ்சுகளுக்குத் தகப்பன் அவன் வீட்டுத் தொட்டியில் எதுவோ. அவன் அனுப்பினதில் அல்பினோ ஃபுல் ரெட் என்று ஐந்து ஜோடி. அது சிவப்புக் கண் மீன். ஆணும் பெண்ணும் சிவப்புக் கண் என்றால் குஞ்சுக்கும் சிவப்புக் கண்தான் வர வேண்டும். வெள்ளைக் கோப்பையில் ஒன்றை அள்ளிப் பார்த்தேன். ஊசிமுனை அளவு உடம்பில் இரண்டு கறுப்புக் கண் பளிச்சென்று தெரிகிறது.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். "சின்னனில கண் அப்படித்தான் தெரியும் அக்கா, வளரட்டும்." சரி, வளர்ந்தது. வால் சாம்பல், அங்கங்கே ஒரு புள்ளி. திரும்பக் கேட்டால் "கொழும்பில மழை அக்கா, வாகனம் வெளிக்கிடல." அடுத்த கிழமை "ஏற்றுமதி பார்க்கிற சேர் வெளியில." இதற்கிடையில் இங்கே குஞ்சு குஞ்சாய்ப் பெருகுது. தொட்டி போதாமல் பேசின், பேசின் போதாமல் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டி. நெருக்கத்தில் தண்ணீர் கெட்டு ஒரு விடியலில் ஒரு பேசின் முழுக்கச் செத்துக் கிடந்தது. தீன் வாங்கின காசு வேறு, அது 48,500க்கு வெளியே.

கடைசியில் சொன்னானே ஒரு பதில், அதுதான் இன்னும் நெஞ்சில் எரியுது. "அக்கா, நீங்க வேற கப்பி கொண்டுவந்து விட்டு இனத்தைக் கலந்திட்டீங்க. இதை நாங்க எடுக்கேலாது. வேணுமெண்டா புதுப் பெண் மீன் 12,000க்குத் தாறன்." கலப்பு மீனைத் தந்தவனே கலந்துவிட்டாய் என்று என்னைச் சொல்கிறான். பழைய பேச்சைக் காட்டுவோம் என்று தேடினால், 60 ரூபா தருவேன் என்று சொன்ன வொய்ஸ் எல்லாம் ஏழு நாளில் தானாக அழிகிற மாதிரி செட் பண்ணி வைத்திருக்கிறான். இவருடைய போனில் இருந்து எடுத்தால் ஒரு பிள்ளை எடுத்து "இது வேற செக்‌ஷன் சேர்" என்று வைத்தது. அதற்குப் பிறகு இரண்டு நம்பரும் புளொக்.

ஒரு போத்தலில் கொஞ்சம் கொண்டுபோய் டவுனில் மீன் கடையில் காட்டினேன். கடைக்காரர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது நுளம்புக் குடம்பி தின்ன கிணற்றில விடுற கப்பி. சும்மா தந்தாலும் எனக்கு இடமில்ல." எனக்கு முதலே இரண்டு பேர் இதே கதையோடு போத்தல் கொண்டு வந்தார்களாம்.

கப்பி பெருகவைக்க ஒருவருக்கும் பயிற்சி தேவையில்லை, அது தானாகப் பெருகும். வாங்க ஆள் கிடைப்பதுதான் பாடு. அதைத்தான் அவன் 48,500 ரூபாவுக்கு வாயால் விற்றான். பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 நம்பருக்கும் அடித்தேன். காசு போட்ட சிட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குஞ்சைச் சமாளிக்கிறது பற்றி விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்ப கை நடுங்குது, சுருக்கமாகச் சொல்கிறேன். பெருக வேண்டாம் என்றால் ஆண் மட்டும் வாங்குங்க. பெண் தனியே வாங்கினாலும் குட்டி போடும், கடைக்காரன் சத்தியம் பண்ணினாலும் நம்பாதீங்க. குஞ்சுகளை ஒரு மாதம் ஆக முதல் ஆண் பெண் பிரியுங்க, பொறுத்தால் தங்கச்சிமாரும் சினைதான். தீனைக் குறைச்சுப் போடுங்க, தண்ணீரைக் கிழமைக்கு ஒருக்கால் கால்வாசி மாற்றுங்க. குஞ்சு ஒளிக்கிற பாசியைக் கொஞ்சமாகப் போட்டால் பெரிய மீன் குஞ்சில் பாதியைத் தின்றுவிடும், கேட்கக் கஷ்டம்தான், ஆனால் அதுதான் நடக்கிற வழி. குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய்க் கொட்டாதீங்க, தென்னமெரிக்கா மீன், எங்கள் ஊர்ச் சின்ன மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும். திருப்பி வாங்குவோம் என்கிறவனிடம் கையெழுத்து, விலாசம், அடையாள அட்டைப் பிரதி எடுங்க. மெசேஜ் அழிகிற செட்டிங் போட்டிருந்தால் அந்த நிமிசமே விடுங்க.

உப்புவெளிப் பக்கம் யாருக்காவது கிணற்றுக்கோ சீமெந்துத் தொட்டிக்கோ கப்பி தேவையென்றால் இன்பொக்ஸ் பண்ணுங்க. காசு வேண்டாம், போத்தல் மட்டும் கொண்டு வாங்க. ஆண் மட்டும் வேண்டுமென்றால் பிரித்துத் தருகிறேன்.