மீந்த தொடைக்கறி: பச்சையாக வைப்பதா, மசாலா தடவியா, சமைத்தா?

லெக் பீஸ் மட்டும் தனியாக இரண்டு கிலோ வாங்கினால், ஒரு கிலோ அன்றைக்கே தீர்ந்துவிடும். மீதியை என்ன செய்வது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறுகிறது. ஒருவர் அப்படியே ஃப்ரீசரில் தள்ளுவார், ஒருவர் மசாலா தடவி வைப்பார், இன்னொருவர் தொக்காக வதக்கி எடுத்துவைப்பார். ஊறுகாய் போடுகிறவர்களும் உண்டு. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பச்சைக் கோழி ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். சமைத்தது மூன்று நான்கு நாள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் இந்த வழிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடையைச் சமைத்து உறையவைப்பதுதான் நல்லது. நெஞ்சுக்கறி என்றால் பச்சையாக வைக்கத்தான் சொல்வேன்.

காரணம் தொடையின் சதையிலேயே இருக்கிறது. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால் சாப்பிடப் பாதுகாப்பானது. நெஞ்சுக்கறி அதைத் தாண்டினாலே வறள ஆரம்பிக்கும். தொடையோ அந்தச் சூட்டில் எலும்போரம் இன்னும் ரப்பர் மாதிரி இழுக்கும். அதில் கொழுப்பும் சவ்வும் அதிகம். அந்தச் சவ்வு இளகிக் கறி மெத்தென்று ஆக 80, 85 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். ஆகவே இன்று ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை என்று இரண்டு தடவை அடுப்பில் ஏறினாலும் தொடைக்குப் பெரிய நஷ்டமில்லை.

பச்சையாக வைப்பதன் லாபம் ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரிய லாபம்: பின்னால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும் பச்சைக்கறிதான் வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. தொல்லை ஆரம்பிப்பது கறியை வெளியே எடுக்கும்போது. எலும்போடு உறைந்த பிராய்லர் தொடையைச் சமைத்தால் எலும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகத் தெரியும். வேகவில்லை, கெட்டுப்போச்சு என்று தட்டை நகர்த்துகிறவர்கள் உண்டு. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருக்கும் நிறம் உறையும்போது கசிந்து வருவதுதான் அது. நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பனி விடவைப்பது. முறைப்படி முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். நடப்பதென்னவோ, காலையில் எடுத்து சிங்க் ஓரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான். உள்ளே கட்டி அப்படியே இருக்க, மேல்பக்கம் அறைச் சூட்டுக்கு வந்துவிடும். கறி வெளியே இருக்கலாம் என்று சொல்லப்படும் நேரம் இரண்டு மணி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி. சித்திரை வெயிலில் ஒரு கிலோ கட்டி அதற்குள் இளகவே இளகாது. முதல் நாளே நினைவு வைத்து எடுக்கிற பழக்கம் இல்லாத வீட்டுக்குப் பச்சைக்கறி சரிப்படாது.

பச்சையாகத்தான் வைப்பேன் என்றால், கால் கிலோ அளவுக்குப் பிரித்து, கவரில் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி வையுங்கள். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும், கழுவவே வேண்டாம் என்பார்கள். நம் வீடுகளில் அது நடக்கிற காரியமில்லை. பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தெறிக்காமல் அலசி, நன்றாக வடித்து, அப்புறம் சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மைனஸ் 18 டிகிரி நிலையாக இருந்தால் பச்சைத் துண்டுகள் ஒன்பது மாதம்வரை சுவை கெடாமல் இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியில் அந்தக் குளிர் நிலையாக நிற்பதில்லை, அதனால் என் வரம்பு இரண்டு மாதம்.

மசாலா தடவி வைப்பது பார்க்க ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். எடுத்தோம், வறுத்தோம் என்று முடிந்துவிடும் போலிருக்கும். ஆனால் தயிரும் எலுமிச்சையும் கறி உறைகிற வரைக்கும், பிறகு இளகும்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். சின்னத் துண்டுகள் வெளிப்புறம் மாவாகிவிடும். உப்பு வேறு இருக்கிறது. உறைந்த கறியில் கொழுப்பு சிக்கு வாடை பிடிப்பதை உப்பு துரிதப்படுத்தும். கொழுப்பு அதிகமுள்ள தொடைக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். உப்பு, தயிர், எலுமிச்சை மூன்றையும் விட்டுவிட்டு இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், எண்ணெய் மட்டும் தடவலாம். சரி, அப்படியானால் பச்சையாக வைத்ததைவிட மிச்சமானது பத்து நிமிடம். ஒரு மாதத்துக்குள் தீர்ப்பவர்கள் வேண்டுமானால் செய்யட்டும்.

இப்போது சமைத்து வைப்பது. சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டுத் தொடைத் துண்டுகளை மூடி, சிறுதீயில் 40 நிமிடம் விடுங்கள். கோழி விடுகிற தண்ணீரே போதும். குக்கரில் இரண்டு விசிலில் முடியும்தான், ஆனால் நீர் சுண்டாமல் கிடக்கும், பிறகு வற்றவைக்க வேண்டும். கடாய்தான் எனக்குப் பிடித்தது. தேங்காயும் உருளைக்கிழங்கும் இப்போது சேர்க்கக் கூடாது. உறைந்து இளகும்போது தேங்காய்ப்பால் திரியும், கிழங்கு சொதசொதவென்று ஆகும்.

இந்த ஒரு தொக்கு பின்னால் பல பேரெடுக்கும். தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றினால் குழம்பு. மிளகு தட்டிப் போட்டுச் சுருட்டினால் வறுவல். எலும்பை உருவிப் பிய்த்தால் கொத்துப் பரோட்டாவுக்கு ஆச்சு. மசாலா கறியை மூடியிருப்பதால் காற்று படுவதும் குறைவு. வெறுமனே வறுத்து வைத்த துண்டுகளைவிட இதன் ருசி அதிக நாள் நிற்கும். குளிர் நிலையாக நிற்கும் ஃப்ரீசரில் மூன்று மாதம் தாராளமாக வைக்கலாம்.

இடத்தை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமானது, எப்படியும் மறுபடி வேகப்போகிறதே என்று முக்கால் வேக்காட்டில் இறக்கிவைக்கும் பழக்கம். அது ஆபத்து. கிருமி சாகாத கறி இளஞ்சூட்டில் ஆறும்போதுதான் கிருமி பெருகும். தொடை என்பதால் முழுக்க வேகவைத்தாலும் கெட்டுவிடாது, பயப்படாதீர்கள். வெந்ததும் அகலத் தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே தள்ளுங்கள். திரும்ப எடுக்கும்போது வெறும் சூடு போதாது, கொதிக்க வேண்டும்.

ஊறுகாய் ஆந்திரத்துப் பக்குவம். எலும்பில்லாத துண்டுகளை நீர் சுண்ட எண்ணெயில் பொரித்து, மசாலா சேர்த்து, ஆறியபின் எலுமிச்சை பிழிவார்கள். நெஞ்சுக்கறியில் போட்டால் மரச்சிராய் மாதிரி ஆகிவிடும். தொடைதான் இதற்கு உகந்தது. ருசியில் மற்ற எல்லாவற்றையும் இது தோற்கடித்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கிலோ கறி சுருங்கிச் சின்ன பாட்டிலில் அடங்கிவிடும், எண்ணெய்ச் செலவும் தனி. அலமாரியில் வெளியே வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் பொட்டுலினம் கிருமிக்கு எண்ணெய்க்குள் மூழ்கிய கறி வசதியான இடம். அதைத் தடுக்கப் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). கண்ணளவில் பிழிந்த எலுமிச்சை கறியின் நடுவரை அந்த அளவுக்கு இறங்கியதா என்று வீட்டில் அளக்க வழியில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீருங்கள். அதாவது, இது சேமிப்பு அல்ல, தொட்டுக்கை.

உப்புக்கண்டம் கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறிக்கு ஏற்றது. தொடையின் கொழுப்பு வெயிலில் காயாது, சிக்கு பிடிக்கும். விடுங்கள்.

அலமாரியில் வெளியே வைப்பதற்காக அமெரிக்க வீடுகளில் கோழியைப் பாட்டிலில் அடைத்து அதற்கென்றே உள்ள அழுத்தக் கலத்தில் வேகவைப்பார்கள். எலும்பில்லாத கறிக்கு, அரை லிட்டர் அளவு பாட்டிலுக்கே 75 நிமிடம். நம் விசில் குக்கர் அதற்கு மாற்றாகாது.

ஃப்ரீசரை நம்பும் எல்லா வழிக்கும் கரன்ட்தான் எமன். நிறைந்த தனி ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஃப்ரிட்ஜின் மேல்பெட்டிக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. கரன்ட் வந்ததும் தொட்டுப் பாருங்கள். உள்ளே பனித்துகள் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க இளகியிருந்தாலும் ஃப்ரிட்ஜ் அளவுக்குச் சில்லென்று இருந்தால் அன்றே சமைத்துவிடலாம். அந்தச் சில்லிப்பும் போய்ச் சில மணி நேரம் ஆகியிருந்தால் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.