இரட்டைத் தடக் கொங்கிரீட் பாதை: மலைநாட்டு மழையில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

எங்கள் வீடு கொட்டகலைப் பக்கம், ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. மேலே பெய்கிற மழையெல்லாம் வாசலைத் தேடித்தான் வரும். இப்படிப்பட்ட இடத்தில் பாதைக்கு என்ன போடுவது என்பதைத் தண்ணீரைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வெறும் மெட்டல், அதாவது உடைத்த கருங்கல், சமதரைக்கு நல்லது. சரிவில் கொட்டினால் ஒரு பெரிய மழைக்கே பாதி கானுக்குள் போய்விடும். தார் வேலைக்குச் சூடும் ரோலரும் வேண்டும், அது நம்மால் ஆகாது. இன்டர்லொக் கல் பார்க்க அழகுதான். ஆனால் சரிவில் வண்டி ஏறி இறங்க 80 மில்லிமீற்றர் தடிப்பு நல்லது. ஓரத்திலும் குறுக்கிலும் கொங்கிரீட் விளிம்பு கட்டாவிட்டால் அடிமணல் அரித்து, கற்கள் மெல்லக் கீழே நகர ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது.

2022 பெப்ரவரியில், மழை குறைந்த நேரம் பார்த்து, நானும் தம்பியும் கொங்கிரீட் போட்டோம். சீமெந்து விலை ஏறிக்கொண்டிருந்ததால் முழு அகலத்துக்கும் போடாமல், சில்லு ஓடும் இரண்டு தடம் மட்டும், ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம் என்று கணக்குப் போட்டோம். பலகை அடிக்கும்போது த்ரீவீல் ஓட்டுகிற தம்பி கேட்டான்: "அண்ணே, முன் சில்லு எங்க ஓடும்?" நியாயமான கேள்வி. காருக்கு இரண்டு தடம் போதும், த்ரீவீலின் முன் சில்லு நடுவில் அல்லவா ஓடுகிறது! ஆகவே நடுப்பகுதியில் தட்டையான கருங்கற்களைச் சாந்தில் பதித்தோம், தடங்களைவிடக் கொஞ்சம் தாழ்வாக. மழைநீர் அந்த வழியே இறங்குகிறது, கல்லில் மோதி வேகமும் குறைகிறது. முன் சில்லுக்குக் கொஞ்சம் குலுக்கல் உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடியில் ஏபிசி (கல்தூளும் உடைகல்லும் கலந்த அடித்தளக் கலவை) பரப்பி நன்றாக இடித்து, மேலே 4 அங்குலக் கொங்கிரீட். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குல மெட்டல். தண்ணீரை அளவோடு ஊற்றுங்கள், இளகினால் சரிவில் வழிந்துவிடும். கீழ்முனையில் ஆழமாக வெட்டித் தடிப்பாகப் போட்டுவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வர வேண்டும். வெடித்தாலும் அங்கேயே வெடிக்கட்டும் என்று எட்டு முதல் பத்து அடிக்குக் குறுக்கே ஒரு வெட்டு விடுங்கள். ஈரம் காயுமுன் பழைய பிவிசி குழாயைக் குறுக்கே அழுத்தி வரி போட்டோம். மழைக்காலத்தில் வண்டி ஏறுவதே அந்த வரிகளால்தான். அப்புறம் ஒரு வாரமாவது ஈரச்சாக்குப் போட்டு மூட வேண்டும். குளிர்தானே என்று விட்டுவிடாதீர்கள், பெப்ரவரிக் காற்று மேற்பரப்பை உறிஞ்சிவிடும்.

ஒரு விஷயம். பாதைக்காக மேட்டை வெட்டுவதென்றால் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியை விசாரியுங்கள். 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்த நாட்டில் இருக்கிறோம். நாங்கள் மேட்டை வெட்டாமல், இருந்த சரிவிலேயே பாதையைப் போட்டுக்கொண்டோம்.

இத்தனை வருடத்தில் தடங்கள் நகரவில்லை. கல் இறக்க வந்த லொறி ஒன்று ரிவர்சில் ஏறி ஒரு மூலையை உடைத்துவிட்டுப் போனது. 4 அங்குலம் லொறிக்கு இல்லை. மற்றப்படி மெல்லிய வெடிப்புகள், அவையும் வெட்டு விட்ட இடத்திலேயே. பெரிய தொல்லை பாசி. மேட்டு நிழல் விழுகிற பக்கம் ஜூலையில் பச்சையாகிவிடும், கம்பித்தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

செலவிலேயே பிரயோசனமானது மேலே, ரோட்டோடு சேரும் இடத்தில் குறுக்கே வெட்டிய கானும் அதன் இரும்பு மூடியும். அது இல்லாவிட்டால் எந்தக் கொங்கிரீட்டும் வாசலைக் காப்பாற்றாது. சவுக்கு இலை விழுந்து அடைத்துக்கொள்ளும், அதனால் மே மாதம் பிறக்குமுன் மூடியைக் கழற்றி ஒருமுறை வாரிவிடுங்கள். மூடியைச் சாந்து வைத்துப் பூசாமல் கழற்றுகிற மாதிரி வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.