இனுயாமா ஒருநாள் பயணம்: நல்ல ஊர், போதாத நேரம்

சென்னையிலுள்ள பயண முகவர்கள் விற்கும் ஜப்பான் சுற்றுலாத் திட்டங்களில் டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, ஒசாகா ஆகியவை தவறாமல் இருக்கும். நகோயாவை ரயில் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. நாங்கள் அண்மையில் குடும்பத்தோடு சென்ற திட்டத்தில் நகோயாவில் தங்குவதும், அங்கிருந்து வழிகாட்டியுடன் இனுயாமா என்னும் கோட்டை நகருக்கு ஒருநாள் சென்று வருவதும் சேர்க்கப்பட்டிருந்தன. ஊரைத் தேர்ந்தெடுத்த முகவரைப் பாராட்ட வேண்டும். அதற்கு ஒதுக்கிய நேரத்தைப் பாராட்ட இயலவில்லை.

கிசோ ஆற்றின் தென்கரையில், ஒரு குன்றின்மேல் இனுயாமாக் கோட்டை நிற்கிறது. ஒசாகாவிலும் நகோயாவிலும் நாம் காணும் கோட்டைக் கோபுரங்கள் இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட்டால் எழுப்பப்பட்டவை. பழைய மரக் கட்டுமானத்தோடு நாடு முழுவதும் எஞ்சியிருப்பவை 12 மட்டுமே. அவற்றுள் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட ஐந்தில் இதுவும் ஒன்று. 1537-இல் ஓதா நோபுயாசு என்னும் போர்த்தலைவர் இக்கோட்டையை நிறுவினார் என்பது மரபு. இப்போதுள்ள கோபுரத்தின் மரங்கள் 1580-களில் வெட்டப்பட்டவை என்று மர வளைய ஆய்வு காட்டியிருக்கிறது. 1617 முதல் நருசே என்னும் பிரபுக் குடும்பத்தின் பொறுப்பில் இருந்த கோட்டையை, 1868-இல் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு எடுத்துக்கொண்டது. 1891-இன் பெரும் நிலநடுக்கத்தில் அது சேதமடைந்தபின், பழுதுபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1895-இல் அக்குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தது. 2004 வரை அது தனியார் உடைமையாகவே இருந்தது என்பது எனக்குப் பெரும் வியப்பு.

உள்ளே மின்தூக்கி கிடையாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஏணியைப் போல நிமிர்ந்து நிற்கும் மரப்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுகொள்வது நல்லது. உச்சித் தளத்தைச் சுற்றி ஓடும் வெளித்தாழ்வாரத்தின் கைப்பிடி இடுப்புக்கும் கீழேதான் வருகிறது என்பதால் குழந்தைகளின் கையை விடக்கூடாது. ஆனால் ஆற்றின் வளைவையும் சமவெளியையும் ஒருசேரப் பார்க்கும்போது, இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கோட்டையைவிட என்னை அதிகம் ஈர்த்தது அதன் அடிவாரத்து ஊர்தான். எடோ காலத்துத் (1603–1868) தெரு அமைப்பு இன்றும் பெரிதும் மாறாத ஹொன்மாச்சி வீதியில், பழைய வணிகர் வீடுகளுக்கு நடுவே உள்ள தொந்தென்கான் கூடத்தில் திருவிழாத் தேர்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1635-இல் தொடங்கிய இத்திருவிழா ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமையிலும் அடுத்த ஞாயிறிலும் நடக்கிறது; 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஜப்பானியத் தேர்த் திருவிழாக்களுள் இதுவும் உண்டு. சுமார் 8 மீட்டர் உயரமுள்ள 13 மூன்றடுக்குத் தேர்கள் வருகின்றன. அவற்றின் மேலடுக்கில் கயிறுகளால் இயக்கப்படும் பொம்மைகள் ஆடுகின்றன. மயிலாப்பூர் மாட வீதி முனையில் கபாலீசுவரர் தேரைக் கட்டை போட்டுத் திருப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே ஆட்கள் தேரின் ஒரு பக்கத்தைத் தோளில் தூக்கியே சுழற்றித் திருப்புகிறார்கள் என்பது கேட்டவுடன் புரியும்.

இவ்வளவும் உள்ள ஊருக்குத் திட்டத்தில் கிடைத்தது முற்பகல் மட்டுமே. பிற்பகல் முழுவதும் ஒரு வணிக வளாகத்துக்குப் போய்விட்டது. பதினாறாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற போர்த்தலைவர் ஓதா நோபுனாகாவின் தம்பியும் தேநீர்க் கலைஞருமான உராகு கட்டிய ஜோஅன் தேநீர்க் குடில், கோட்டைக்கு அருகே உராகுஎன் தோட்டத்தில் இருக்கிறது. தேசியப் பொக்கிஷமான அக்குடில் திட்டத்திலேயே இல்லை. வழிகாட்டி பொறுமையும் அறிவும் உள்ளவர். நாங்கள் கேட்டதும் மதிய உணவு நேரத்தில் எங்களை அங்கே அழைத்துச் சென்றார்.

சைவ உணவு உண்போர், சோற்றைப் பிசைந்து குச்சியில் கோத்துச் சுடும் கொஹேமோச்சியையும் மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுது தடவிச் சுட்ட தோஃபுவையும் தேடலாம். பூச்சில் மீன் சாறு சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வழிகாட்டி இல்லாமல் செல்வதும் கடினமன்று. மெய்தெத்சு என்னும் தனியார் ரயில் நிறுவனத்தின் நகோயா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் அரை மணி நேரம், பின்னர் ஹொன்மாச்சி வழியாகச் சிறிது நடை. கோட்டை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. கூட்டம் சேருமுன் அங்கே ஏறி இறங்கிவிட்டு, ஊரையும் தோட்டத்தையும் மாலை வரை வைத்துக்கொள்ளலாம். முகவர் மூலமே செல்வோர், வணிக வளாகத்தை நீக்கி உராகுஎன்னைச் சேர்க்குமாறு முன்பணம் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.