பாலடின் துப்பாக்கி உறைக்குக் கொடுத்த 480 டாலர்: இரண்டு தோல்களுக்கு நடுவே இருந்தது என்ன?

பழைய தொலைக்காட்சித் தொடர்களில் வரும் தோல் பொருட்களை அச்சு அசலாகக் கையால் செய்து தருவதாகச் சொல்லும் தனி விற்பனையாளர் ஒருவரிடம் 2024 சனவரியில் 480 டாலர் கட்டி ஒரு துப்பாக்கி உறையும் இடைவாரும் செய்யச் சொன்னேன். வந்து சேர்ந்த பொருளில், அவர் எழுத்தில் உறுதியளித்தவற்றுள் கறுப்பு நிறத்தைத் தவிர வேறு எதுவும் உண்மையாக இல்லை. அதே வகைப் பொருளுக்காக இன்னும் சிலர் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அரிசோனாவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியவர், 'ஹேவ் கன் – வில் டிராவல்' தொடரைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர். 1957 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1963 வரை 225 அத்தியாயங்கள் ஓடிய கறுப்பு வெள்ளை கௌபாய்த் தொடர் அது. ரிச்சர்ட் பூன் நடித்த பாலடின், சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆடம்பர விடுதியில் தங்கி, நல்ல உணவும் சதுரங்கமும் புத்தகங்களுமாக வாழ்பவன். கூலிக்குத் துப்பாக்கி ஏந்த அழைப்பு வந்தால் தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிந்து புறப்படுவான். அவன் இடுப்பில் தாழ்வாகத் தொங்கும் கறுப்பு உறையின் மேல், சதுரங்கக் குதிரையின் தலை வெள்ளி நிறத்தில் பதிக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு இந்தத் தொடரும், அதை அடுத்துப் பத்து மணிக்கு 'கன்ஸ்மோக்' தொடரும் வரும் என்றும், இரண்டாவதைப் பார்க்கத் தனக்கு வீட்டில் அனுமதி கிடைத்ததில்லை என்றும் பெரியவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்த முதல் ஆண்டில் எங்களுக்கு அவர் செய்த உதவிகளுக்கு ஈடு கிடையாது. அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அந்த உறையைச் செய்து கொடுக்க வேண்டும் என்று விரும்பினேன்.

தோல் வேலை எனக்குப் புதிதன்று. என் தந்தை இராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறும் தொட்டிகளின் மணத்தோடு வளர்ந்தவன் நான். பணப்பை, கத்தி உறை, இடைவார் ஆகியவற்றை இரண்டு ஊசியால் தைக்கத் தெரியும். ஆனாலும் இந்த உறையை நானே செய்யத் துணியவில்லை. அதற்குக் காரணம் அதன் உள்ளே இருக்கும் ஸ்டீல் தகடு.

ஐம்பதுகளின் கௌபாய்த் தொடர்களில் நாம் பார்க்கும் தாழ்ந்த, வாய் விறைத்த உறைகள், 1870களின் மேற்கு அமெரிக்காவில் உண்மையில் இருந்தவை அல்ல. அன்றைய மக்கள் அணிந்தது பெரும்பாலும் இடுப்போடு ஒட்டிய, துப்பாக்கியை ஆழமாக மூடிக்கொள்ளும் எளிய உறைதான். படப்பிடிப்புக்கென இந்தப் புது வடிவத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆர்வோ ஒஜாலா. நடிகர்களுக்கு விரைவாகத் துப்பாக்கி எடுக்கும் பயிற்சி கொடுத்தவரும் அவரே. 'கன்ஸ்மோக்' தொடரின் தொடக்கக் காட்சியில் அதன் கதாநாயகன் ஜேம்ஸ் ஆர்னஸுக்கு எதிரே நின்று சுடப்பட்டு விழுபவரும் அவரே. இரண்டு தோல்களுக்கு நடுவே ஸ்டீல் தகட்டை வைத்துத் தைத்ததுதான் அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தகடு இருப்பதால் தோல் துப்பாக்கியின் தோட்டா உருளையை இறுக்காது. துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியைப் பின்னுக்கு இழுக்கலாம், உருளையும் தடையின்றிச் சுழலும். வெளியே எடுத்த பிறகும் வாய் திறந்தபடியே நிற்கும். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் தகடு இல்லாத உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தொடரின் உறை ஆகாது; ஆனால் தகடு இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

விற்பனையாளர் எழுதியவை இவை: மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல் (பட்டைத் தோல்), வெளித்தோல் எட்டு அவுன்ஸ் கனம், உள்ளே இருபதாம் கேஜ் (ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர்) ஸ்டீல் தகடு, முழுவதும் கைத்தையல், 925 முத்திரையுள்ள வெள்ளியில் வார்த்த குதிரைத் தலை. கூடவே நான்கு புகைப்படங்களை அனுப்பினார். அவற்றைப் பார்த்ததும் எனக்கு மறுகேள்வி எழவில்லை. தையலின் சீரும் விளிம்பின் மெருகும் கைதேர்ந்தவர் வேலை என்று அடித்துச் சொன்னன. என்னிடம் உள்ள மாதிரித் துப்பாக்கி சுடாத வகை, ஐந்தரை அங்குலக் குழல் கொண்டது என்று எழுதினேன். நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பணம் அனுப்பும் வழியில் முழுத்தொகையையும் அனுப்பினால் பதினைந்து டாலர் குறைப்பதாகச் சொன்னார். அந்த வழியில் அனுப்பும் பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

ஆறு வாரம் என்றவர் பதினொன்றாம் வாரத்தில் அனுப்பினார். இடையில் நான் எழுதிய ஐந்து கடிதங்களுக்கு ஒன்றே ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அஞ்சல் வழியாகவோ இணையம் வழியாகவோ விற்பவர் சொன்ன நாளில் அனுப்ப முடியாவிட்டால், தாமதத்தைத் தெரிவித்து, விரும்பினால் முழுப்பணத்தையும் திரும்பப் பெறலாம் என்ற வாய்ப்பையும் தர வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் விதி. ஏழாம் வாரத்திலேயே அந்த விதியைச் சுட்டி எழுதாமல், வேலை நன்றாக வரட்டும் என்று பொறுமையாக இருந்துவிட்டேன்.

பெட்டி பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு வந்தது. திறந்தவுடன் மூக்கில் ஏறியது சாய வாடை. பட்டைத் தோலுக்கு மரமும் மண்ணும் கலந்தாற்போன்ற ஒரு மணம் உண்டு. எவ்வளவு சாயம் ஏற்றினாலும் உட்புறத்தில் அது கொஞ்சமாவது மிஞ்சும். இதில் அதற்கான தடயமே இல்லை. துப்பாக்கியை வைத்து எடுத்தேன். வாய் உள்நோக்கிச் சரிந்து மூடிக்கொண்டது. மறுபடி வைக்க இரண்டு கையும் தேவைப்பட்டன. உள்ளே ஸ்டீல் இருந்தால் இப்படிச் சரிய வழியே இல்லை. வீட்டில் இருந்த சிறிய நியோடிமியம் காந்தத்தை உறையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தேன். மெல்லிய உள்தோலுக்கு அடியில் இரும்பு இருந்தால் அது சட்டென்று ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே விழுந்தது. அரை நிமிடம்கூட ஆகாத சோதனை இது. இப்படிப்பட்ட உறையை வாங்கும் எவரும், பெட்டி வந்த அன்றே, பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிவதற்கு முன்பே, இதைச் செய்து பார்க்க வேண்டும்.

மறுநாள் காலையில் உறையை அறுத்தேன். 480 டாலர் கொடுத்த பொருளைக் கத்தியால் கிழிப்பது எளிதாக இல்லை. ஆனால் உள்ளே இருப்பதைக் காணாமல் எழுதும் புகாரில் வலு இருக்காது என்று தோன்றியது. ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். தகடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, தோல் தூளையும் பசையையும் கலந்து அழுத்திய அட்டை. மலிவான செருப்புகளின் உள்ளடியில் வைப்பார்களே, அதுதான். ஓரத்தில் விரலால் நிமிண்டியபோது பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெளித்தோலின் கனம் இரண்டு மில்லிமீட்டர். தோல் கணக்கில் ஓர் அவுன்ஸ் என்பது ஓர் அங்குலத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் என்பதால், எட்டு அவுன்ஸ் தோல் 3.2 மில்லிமீட்டராவது இருந்திருக்க வேண்டும். வெட்டுவாயில் கறுப்புச் சாயம் மேல்தோலோடு நின்றுபோய், நடுப்பகுதி சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தது. அது குரோம் உப்பில் பதனிட்ட தோலின் நிறம்.

அன்றிரவு படங்களை அப்பாவுக்கு அனுப்பினேன். வெட்டுவாயின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, சாயம் முழுக்க ஊறிய குரோம் தோலும் உண்டு என்று சொல்லி, அவர் வேறொரு சோதனையை நினைவூட்டினார். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு, அந்த நீரில் ஒரு சொட்டைத் தோலின் சாயம் படாத பகுதியில் விட வேண்டும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கண்ணெதிரிலேயே கறுக்கும். கலம்காரித் துணியில் கடுக்காய் நீரும் இரும்பு நீரும் சேர்ந்து கறுப்பு எழுகிற அதே வித்தைதான். குரோம் தோலில் அப்படிக் கறுப்பு எழாது. என்னிடம் இருந்த பட்டைத் தோல் துண்டு சில நொடிகளில் மை போலக் கறுத்தது. அறுத்த உறையின் துண்டில் வெறும் ஈரக்கறைதான். அமெரிக்காவில் தோல் வேலை செய்வோர் பலரும் கறுப்பு உறைகளுக்கு இந்த இரும்பு வினிகரைத்தான் பூசுகிறார்கள். ஆகவே, கறுப்பு உறை செய்து தருகிறேன் என்பவரிடம் கறுப்பை எப்படி ஏற்றுகிறீர்கள் என்று கேட்பது நல்ல கேள்வி. பதிலில் தடுமாற்றம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

குரோம் தோல் கெட்ட தோல் என்று நான் சொல்லவில்லை. மேலங்கிக்கும் கைப்பைக்கும் அதன் மென்மையே சிறப்பு. ஆனால் உறைக்கு வேண்டிய குணம் வேறு. பட்டைத் தோலை நனைத்து, துப்பாக்கியின் மேல் வைத்து விரலாலும் எலும்புக் கோலாலும் அழுத்தி உலரவிட்டால், அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். குரோம் தோல் உலர்ந்ததும் பழைய தொய்வுக்கே திரும்பிவிடும்.

கைத்தையல் என்றதும் பொய். கையால் தைக்கும் சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழையும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை நிற்கும். நான் ஒரு தையலை அறுத்து மேல்நூலை இழுத்தபோது, அது வரிசையாகக் கழன்று கையோடு வந்தது, இயந்திரத் தையல். குதிரைத் தலையில் முத்திரை இல்லை. முலாம் ஓரத்தில் உரிந்து, அடியில் மங்கலான வேறோர் உலோகம் தெரிந்தது.

புகைப்படங்கள்தாம் என்னை மிகவும் வருத்தியவை. படத்தை வைத்துத் தேடும் வசதியில் அவற்றைப் போட்டுப் பார்த்ததில், நான்கும் வேறொரு கைவினைஞர் பல ஆண்டுகளுக்கு முன்பு வெளியிட்ட படங்கள் என்று தெரிந்தது. அவருக்கு எழுதினேன். அவர் இப்போது உறைகள் செய்வதில்லை. தன் படங்கள் இப்படிப் பயன்படுவது இது மூன்றாம் முறை என்று பதில் எழுதினார். ஒருவர் பல ஆண்டுகள் பழகிப் பெற்ற கைத்திறனைக் காட்டி, அவருக்கே தெரியாமல் அட்டையை விற்றிருக்கிறார்கள்.

விற்பனையாளருக்கு எல்லாப் படங்களையும் அனுப்பிப் பணத்தைக் கேட்டேன். பொருளை அறுத்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதன் பிறகு மௌனம். கடன் அட்டையில் நேரடியாகச் செலுத்தியிருந்தால், கணக்குச் சீட்டு அனுப்பப்பட்ட அறுபது நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்திருக்கலாம். என் பணத்துக்கு அந்த வழியும் அடைந்திருந்தது. கூட்டரசு வணிக ஆணையத்திடம் புகார் பதிந்தேன். தோல் தூளை அழுத்திச் செய்த பொருளைத் தோல் என்று மட்டும் சொல்லி விற்பது ஏமாற்று என்பதை அந்த ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டினேன். ஆணையம் தனி மனிதரின் பணத்தை மீட்டுத் தராது. ஆனால் ஒரே ஆள் மேல் பல புகார்கள் சேர்ந்தால் நடவடிக்கைக்கு அது அடிப்படையாகும். ஆகையால் அவரிடம் பணம் கொடுத்தவர்கள் தொகை சிறிதாக இருந்தாலும் பதிய வேண்டுகிறேன்.

பிறந்தநாளன்று பெரியவருக்கு வாழ்த்தட்டையை மட்டும் கொடுத்து, பரிசு தாமதமாக வரும் என்றேன். பிறகு நானே உட்கார்ந்தேன். வெளியே எட்டு அவுன்ஸ், உள்ளே நான்கு அவுன்ஸ் பட்டைத் தோல்; நடுவே 0.9 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு. தகட்டை வளைப்பதில் முதல் இரண்டும் வீணாயின. தோலின் துவர்ப்பு இரும்பைத் தின்று கறையேற்றாமல் இருக்கத் தகட்டுக்கு இரண்டு பூச்சு வண்ணம் அடித்தேன். ஆகஸ்டில் முடித்துக் கொடுத்தபோது, அவர் முதலில் குதிரைத் தலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் காந்தத்தை உட்புறத்தில் ஒட்டிக் காட்டினேன்.

அந்த விற்பனையாளர் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு விற்கிறார். படங்களை இப்படி அடையாளம் காணலாம்: உறை ஒரு மர மேசை மேல் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும், குதிரையின் காது நுனியில் சிறு சிதைவு இருக்கும், இடைவாரின் மூன்றாம் துளைக்கு அருகில் நகக்கீறல் போல ஒரு கோடு தெரியும். இந்தப் படம் உங்களுக்கு வந்தால், தைப்பதற்கு முன் தகட்டையும் இரண்டு தோல்களின் வெட்டுவாயையும், அன்றைய தேதி எழுதிய தாளோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் கைக்கு வரும்வரை ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம்.