பெட்பேனா, கமோடு நாற்காலியா?

பெட்பேன், படுத்தபடியே மலம், சிறுநீர் கழிக்க இடுப்புக்கு அடியில் வைக்கும் தட்டு. கமோடு நாற்காலி, கட்டிலருகே வைக்கும் கழிவறை நாற்காலி. மருத்துவமனையில் சேர்த்த வயதான அப்பாவுக்கு இதில் எதைக் கேட்பது என்று பலர் தடுமாறுகிறார்கள்.

செலவு: பெட்பேன் மலிவு. நாற்காலி சில மடங்கு விலை. வீட்டுக்குப் போன பிறகும் உழைக்கும்.

சிரமம்: பெட்பேனுக்கு இடுப்பைத் தூக்கினால் போதும். நாற்காலிக்குச் செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டிலைத் தாழ்த்தி, சக்கரங்களைப் பூட்டி, காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரவைப்பார். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிறகு, "கையை ஊன்றி நீங்களே எழுந்திருங்கள் ஐயா" என்பார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கமாட்டார். அந்தப் பொறுமையைத்தான் நான் நல்ல செவிலியப் பணி என்பேன்.

கால் பலம்: இங்கேதான் பெட்பேன் தோற்கிறது. ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்தபோது கால்களில் ஏறத்தாழ 1 கிலோ சதையை இழந்ததை 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நாளுக்கு ஐந்தாறு முறை எழுந்து உட்காருவதே பயிற்சி.

மானம்: திரைக்குப் பின்னே உட்கார்ந்து போவதும் படுத்தபடி போவதும் ஒன்றா? மலமும் உட்கார்ந்தால்தான் எளிதாகக் கழியும்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்குப் பெட்பேன்தான். எழுந்து நிற்க மருத்துவர் அனுமதித்தவருக்கு நாற்காலியைக் கேளுங்கள். கைத்தாங்கலாகக் கழிவறை வரை நடக்க முடிந்தால் அதுவும் வேண்டாம்.