வெண்டைக்காய்க்கு எத்தனை டிகிரி? செலாயாங் – சிங்கப்பூர் குளிர் லோரி அனுபவம்

மலேசியாவில், கோலாலம்பூரின் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்கிறேன். கேமரன் மலையிலிருந்து இறங்கும் முட்டைக்கோஸ், தக்காளி, புரோக்கோலி, அதோடு சிலாங்கூர் தோட்டங்களில் விளையும் வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரி. இவற்றைச் சேர்த்து ஏற்றி சிங்கப்பூருக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பில் பெரும்பகுதி. ஆரம்பத்தில் தார்ப்பாய் லோரி. பல வருடங்களாகக் குளிர் லோரி. வாடகைக்கும் எடுத்திருக்கிறேன், சொந்தமாகவும் ஓட்டுகிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "தெர்மோ கிங் வாங்கலாமா, கேரியர் வாங்கலாமா அண்ணே?" என்றுதான். இரண்டும் லோரிக்கான குளிர் இயந்திரத் தயாரிப்புகள். இரண்டையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒழுங்காகப் பராமரித்தால் இரண்டும் நன்றாக உழைக்கும். என் சரக்கின் தலையெழுத்து லோரிக் கதவு மூடுவதற்கு முன்பே முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது. குளிர் லோரியின் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அப்படியே வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. வெயிலில் பறித்து, தோட்டத்துச் சூடு உள்ளேயே இருக்கும் காயை ஏற்றிவிட்டு, "காலைக்குள் குளிர்ந்துவிடும்" என்று நம்பினால் நடக்காது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்த நேரத்துக்குள் அடுக்கின் நடுவில் இருக்கும் கூடையின் சூடு வெளியே வந்து முடியாது. காய் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. அதனால் அதுவே சூட்டை உண்டாக்குகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். எனவே என் முதல் செலவு லோரியில் இல்லை, ஏற்றுவதற்கு முன் காயைக் குளிர வைக்கும் அறையில். மலைக் காய்க்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மேலே இயற்கையாகவே குளிர். தாப்பா பாதையில் இறங்கி நெடுஞ்சாலைக்கு வந்ததும் அந்தச் சலுகை போய்விடும்.

அடுத்து, வாங்கும்போது யாரும் விளக்கிச் சொல்லாத ஒன்று. சிறிய, நடுத்தர லோரிகளில் பெரும்பாலும் குளிர்பெட்டியின் கம்ப்ரஸர், லோரியின் எஞ்சினிலிருந்தே பெல்ட் வழியாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் ஓடும்போது அருமையாக இருக்கும். எல்லையில் வரிசையில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், கம்ப்ரஸரும் மெதுவாகச் சுற்றும், குளிர் குறையும். எஞ்சினை அணைத்தால் குளிரும் நின்றுவிடும். சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தில் பகல் பதினொரு மணி வெயிலில், பள்ளி விடுமுறை நெரிசலில் நிற்கிறோம் என்று வையுங்கள். கூரை கொதிக்கிறது, அந்த நேரத்தில்தான் குளிர் மிகக் குறைவாக வருகிறது. தனி டீசல் எஞ்சின் வைத்த குளிர்பெட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. லோரி நின்றாலும் அது தன்பாட்டுக்கு ஓடும். விலை அதிகம், எடை அதிகம், சத்தம் அதிகம், எண்ணெயும் தனியாக ஊற்ற வேண்டும். ஆனாலும் எல்லை தாண்டுகிறவர்களுக்கு நான் தனி எஞ்சினைத்தான் சொல்வேன். உள்ளூர் விநியோகம் மட்டும் என்றால் பெல்ட் வகை போதும். மின்சாரத்தில் ஓட்டும் இணைப்பும் இருந்தால், ஏற்றுமிடத்தில் இரவெல்லாம் டீசல் எரிக்காமல் பெட்டியைக் குளிர்வித்து வைக்கலாம்.

இனி வெண்டைக்காய் விஷயம். "குளிர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம் நம் வியாபாரிகளிடம் இன்னும் போகவில்லை. முட்டைக்கோஸ், கேரட், புரோக்கோலிக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிர் ஆகும். வெண்டைக்காய் 7 முதல் 10 டிகிரி. கத்தரியும் வெள்ளரியும் 10 முதல் 12. பச்சையாகப் பறித்த தக்காளி 12, 13-க்குக் கீழே போகக்கூடாது. போனால் பிறகு சரியாகப் பழுக்காது, சுவையும் ஏறாது. இதில் கொடுமை என்னவென்றால், குளிர் தாக்கிய காய் லோரியிலிருந்து இறங்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். கடைக்குப் போய் சூடு பட்ட பிறகுதான் வெண்டைக்காயில் கறுப்புப் புள்ளியும் குழியும் தெரியும். ஒருமுறை வாடகைக்கு எடுத்த வண்டியில், போக்குவரத்து நிறுவனத்தார் எங்களிடம் கேட்காமலே மொத்தத்துக்கும் 3 டிகிரி வைத்துவிட்டார்கள். சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருக்கும் அக்கா மறுநாள் மதியம் போன் செய்து, "தம்பி, காலையில பார்த்தேன் நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு?" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, குழப்பம். அந்த நிறுவனத்துக்கோ காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது: "3 டிகிரி, தடையில்லாமல்." அன்றிலிருந்து ஒவ்வொரு சரக்குக்கும் எத்தனை டிகிரி என்று எழுதி, ஓட்டுநர் கையெழுத்து வாங்கித்தான் அனுப்புகிறேன்.

அப்படியானால் கலந்து ஏற்றுவது எப்படி? சொந்த லோரியில் நடுவில் நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவர் வைத்து, முன்பக்கம் ஒரு குளிர், பின்பக்கம் ஒரு குளிர் என்று பிரித்திருக்கிறேன். இதுவரை செய்த செலவுகளில் மிகவும் மனநிறைவு தந்தது இதுதான். குளிர் மட்டுமல்ல, காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவையும் பார்க்க வேண்டும். பழுக்கிற தக்காளியும் வாழையும் மாம்பழமும் அதை வெளிவிடும். பக்கத்தில் இருக்கும் புரோக்கோலி மஞ்சளாகும், வெள்ளரியும் மஞ்சளாகும், கேரட் கசக்கும், சாலட் இலையில் பழுப்புப் புள்ளி விழும். கேரட் கசக்கிறது என்று வாடிக்கையாளர் புகார் சொன்னால் தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், அது எதன் பக்கத்தில் பயணம் செய்தது என்று பாருங்கள்.

அடுக்குவதில் பேராசை வேண்டாம். கூரைக்குக் கீழே காற்று போக இடம், கதவுப் பக்கம் இடம், கூடைகளுக்கு அடியில் இடம். உள்ளே சிவப்புக் கோடு போட்டிருந்தால் அதற்கு மேல் ஒரு கூடையும் ஏறக்கூடாது. டாஷ்போர்டில் தெரியும் எண் காற்றின் வெப்பம்; காயின் வெப்பம் வேறு. ஊசி வெப்பமானியைக் கத்தரிக்காயில் குத்திப் பார்ப்பதுதான் என் கணக்கு. வெப்பப் பதிவுக் கருவியைக் கதவை ஒட்டிய கடைசி வரிசையில், மேல் கூடையில் வைக்கிறேன். சூடு முதலில் ஏறுவது அங்கேதான்.

எல்லையில் கதவு திறப்பது தவிர்க்க முடியாதது. திறக்கும் முன் குளிர்பெட்டியை நிறுத்தச் சொல்லி ஓட்டுநர்களுக்குப் பழக்கியிருக்கிறேன். நிறுத்தாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றை விசிறி உள்ளே இழுத்து, குழாய்களில் பனிக்கட்டி பிடிக்கும். பிறகு குளிர் வராது. எல்லா வகைக் காயிலும் ஒரு கூடையைக் கதவை ஒட்டி வைத்துவிடுவோம். அதிகாரி பார்க்க வேண்டும் என்றால் உள்ளே போய்க் கிளற வேண்டியதில்லை. சிங்கப்பூர்ப் பக்கம் பூச்சிமருந்து எச்சத்துக்கு மாதிரி எடுப்பார்கள்; அதற்காக நிற்கும் நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஏற்றுமதிக்கு சுங்கத்துறையின் கே2 படிவம், ஃபாமா எனும் மத்திய வேளாண் சந்தை வாரியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிமுறைப்படி தரம் பிரித்து, பொதி கட்டி, லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வாங்குகிறவருக்கு சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் இருக்க வேண்டும், சரக்குக்கு அனுமதியும் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். படிவத்தில் 40 கூடை, லோரியில் 42 கூடை என்றால் எந்தக் குளிர்பெட்டியும் காப்பாற்றாது.

தாய்லாந்து எல்லையில் இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தாய்லாந்து மிளகாயும் கொஞ்சகாலம் எடுத்தேன். அங்கே எல்லையில் அவர்கள் லோரியிலிருந்து நம் லோரிக்கு மாற்றி ஏற்றுவோம். இரண்டு வண்டியின் கதவும் நேருக்கு நேர் ஒட்டி நிற்காவிட்டால் அந்த இடைவெளியிலேயே சரக்கு வியர்த்துவிடும். அவர்கள் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதையும் சேர்த்துத்தான் நேரம் பேச வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லை மக்களுக்கு மூடியது. சரக்கு லோரிகள் ஓடின. ஆனால் கேமரன் மலையில் எடுக்க ஆளில்லாமல் காய்கறியைக் கொட்டினார்கள். ஏப்ரலில் எங்கள் செலாயாங் வட்டாரத்துக்கே முள்கம்பி போட்டார்கள். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் சிங்கப்பூர். அங்கே காய் போய்ச் சேர வேண்டும், இங்கே குப்பையில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்த பிறகு, இந்த வேலையை வெறும் வாடகைக் கணக்காக என்னால் நினைக்க முடியவில்லை.

செலவு? 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனபோது எல்லோரும் கணக்குப் புத்தகத்தை மறுபடி திறந்தோம். தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு மானிய அட்டை இருக்கிறது, அதை முறையாகப் பதிவு செய்து வையுங்கள். பராமரிப்பில் பலர் விடுவது வடிகால் துளை. முட்டைக்கோஸ் இலை அடைத்து தண்ணீர் தேங்கினால் அட்டைப் பெட்டி அடியிலிருந்து ஊறிச் சரியும். நான் பிளாஸ்டிக் கூடைக்கு மாறியதற்கு அதுவே காரணம். மீன் ஏற்றிய வண்டியை வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை கொத்தமல்லியில் ஏறும்.

பழைய லோரி வாங்குவதென்றால் பகலில் உள்ளே ஏறி நின்று கதவை வெளியிலிருந்து மூடச் சொல்லுங்கள். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் ரப்பர் போய்விட்டது. சுவரைத் தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் உள்ளே நுரையில் தண்ணீர் இறங்கியிருக்கும்; அது குளிரையும் தாங்காது, எடையையும் கூட்டும். பூசணி, சேனை, சர்க்கரைவள்ளி, வெங்காயம் மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இத்தனையும் தேவையில்லை. நல்ல காற்றோட்டமுள்ள தார்ப்பாய் லோரியில் இரவில் அனுப்புங்கள், போதும்.